செங்கமலத்தின் கால் வீக்கம்

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு அரசர் ஆண்டுவந்த காலம் அது, கேளுங்கள். அவருடைய பட்டத்து யானை செங்கமலம். அவளுக்கு நோய்நொடி வந்தால் பார்ப்பவன் சேந்தன் என்னும் வைத்தியன். கைராசிக்காரன், ஆனால் நாலு பேர் புகழ்ந்தால் கொஞ்சம் உருகிவிடுவான்.

ஒருநாள் செங்கமலத்தின் முன்னங்கால் வீங்கிக் கொதித்தது. ஊன்ற முடியாமல் தவித்தாள். அரசர் பதறிப்போனார். ஏனென்றால் பத்தாம் நாள், அக்கரைக் குலதெய்வக் கோயிலில் அவருடைய குழந்தைக்கு முடியிறக்க வேண்டும். ஆடி வெள்ளத்தில் பரிசல் போகாது. அரசியும் குழந்தையும் செங்கமலத்தின் முதுகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும்.

வீக்கம் வற்றட்டும், பிறகு உள்ளங்காலைச் சோதிக்கலாம் என்று சேந்தன் நினைத்தான். முதல்நாள் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தான். இரண்டாம் நாள் முடக்கத்தான் இலையை அரைத்துக் கட்டினான். மூன்றாம் நாள் மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டான். வீக்கம் வற்றியது, சூடு தணிந்தது, செங்கமலம் நடந்தாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரண்மனையில் நோய் தீர்ந்தால் முரசு அறைவார்கள். அறைந்த பிறகு அந்த நோயின் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் நோய் திரும்பி வந்துவிடுமாம்! அரசர் மகிழ்ச்சியில் அன்றைக்கே முரசு அறையச் சொன்னார். உள்ளங்காலை இன்னும் சோதிக்கவில்லை என்று சேந்தன் தடுத்திருக்கலாம். ஆனால் ஊரே அவனைப் புகழ்ந்துகொண்டிருந்தது. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

ஏழாம் நாள் காலையில் பாகன் மாகாளி ஓடிவந்தான்.

"வைத்தியரே, கால் மறுபடியும் கொதிக்குதே!"

சேந்தன் அவன் வாயைப் பொத்தினான். "சத்தம் போடாதே" என்று சொல்லி, யாரும் பார்க்காமல் பற்றுப் போட்டான். வீக்கம் வற்றியது. எட்டாம் நாளும் கொதித்தது. பற்றுப் போட்டான், வற்றியது. ஒன்பதாம் நாளும் அப்படியே. ஒவ்வொரு முறையும் மூலிகை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வற்றியது ஏன் திரும்ப வருகிறது? உள்ளே என்னதான் இருக்கிறது? உள்ளங்காலைக் கீறிப் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். சோறு இறங்கவில்லை அவனுக்கு.

பத்தாம் நாள். ஆற்றங்கரையில் கூட்டம். அரசி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்பாரியில் அமர்ந்துவிட்டாள். செங்கமலம் தண்ணீரில் ஒரு காலை வைத்தாள். அடுத்த காலை வைக்கும்போது லேசாகத் தயங்கினாள். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. சேந்தன் கவனித்தான்.

"நிறுத்து மாகாளி!" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் பாய்ந்தான். "மகாராஜா, இவள் கால் இன்னும் குணமாகவில்லை!"

"முரசு அறைந்த நோயையா சொல்கிறாய்?" அரசர் வாளில் கை வைத்தார்.

"ஆமாம், மகாராஜா. மூன்று நாளாக மூடி மறைத்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். முதலில் அவர்களை இறக்குங்கள்."

அரசியையும் குழந்தையையும் இறக்கினார்கள். செங்கமலத்தைக் கரையில் படுக்கவைத்து, உள்ளங்காலைக் கீறினான் சேந்தன். சீழ் பீறிட்டு வந்தது. அதோடு விரல் நீள மூங்கில் சிராய் ஒன்றும் வந்தது. அது குத்திய இடத்தில் தோல் மூடி ஆறியிருந்ததால்தான் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. செங்கமலம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால்?" என்று அரசர் கேட்டார்.

"பாதி ஆற்றில் கால் மடங்கியிருக்கும், மகாராஜா."

அரசர் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்று சொன்னதற்காக உன் உயிரை விட்டுவிடுகிறேன், சேந்தா. மூன்று நாள் சொல்லாமல் இருந்தாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை."

சேந்தன் தலை குனிந்து நின்றான். அவனாலும் தன்னை மன்னிக்க முடியவில்லை.

கேட்டவர்கள் இதை மனதில் வையுங்கள்: வலி அடங்கியதும் நோயே தீர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பெயர் வாங்குகிறவன், தன்னை நம்பியவர்களின் உயிரோடு விளையாடுகிறான்.