பொய் சொல்லாத குதிரை

சிங்கமடை ஜமீன்தாருக்கு யானை உடம்பு, வெடிக் கோபம். ஒருநாள் காலை அவர் ஏறி உட்கார்ந்ததும், அவருடைய வெள்ளைக் குதிரை முதுகை நெளித்து அவரைச் சாணிக் குவியலில் இறக்கிவிட்டது.

அரண்மனை வைத்தியர் அகோரமூர்த்திப் பண்டிதர் எட்ட நின்றே பார்த்தார். "நோயுமில்லை, நொடியுமில்லை. பாசாங்கு! பத்து சவுக்கடி கொடுத்தால் போதும்" என்றார்.

லாயத்தில் புல் போடும் ஒச்சாயி முன்னால் வந்தாள். "சாமி, புதுச் சேணம் வந்த நாள்லேர்ந்து தொட்டாலே துடிக்குது. நெசமாவே முதுகு வலிங்க."

"பண்டிதரைவிட நீ படிச்சவளோ? குதிரையே வாயைத் திறந்து சொல்லட்டும். இல்லேன்னா உனக்கும் பத்து அடி!" என்று ஜமீன்தார் கத்தினார்.

ஒச்சாயி பணிவாகக் கும்பிட்டாள். "குதிரைக்குத்தான் வாயில்லீங்களே சாமி. பண்டிதருக்கு இருக்குது. சேணத்தை அவரு முதுகுல கட்டி, சாமி ஒருதரம் உக்காந்து பாருங்க. வலியா பாசாங்கான்னு அவரே சொல்லிருவாரு."

ஜமீன்தாருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. பண்டிதரை மண்டிபோட வைத்து, மேலே உட்கார்ந்தார்.

"ஐயையோ, குத்துது! முதுகு போச்சு!"

அந்தக் கூச்சலில் லாயத்துப் புறாக்கள் அத்தனையும் பறந்தன. சேணத்தைப் புரட்டினால், அடியில் மழுங்காத ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது.

ஜமீன்தார் ஒச்சாயி பக்கம் திரும்பினார். "குதிரைக்கு என்ன வைத்தியம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேப்பெண்ணெய் தடவி, ஒரு மாசம் வெறும் முதுகோட ஆத்து மணல்ல நடத்தணும் சாமி."

"பண்டிதருக்கு?"

"அதே வைத்தியந்தாங்க. அவரு மேலயும் யாரும் ஏறக் கூடாது."

ஒரு மாதம் இருவரும் ஆற்று மணலில் நடந்தார்கள். குதிரைதான் முதலில் தேறியது.