பானை வண்டியும் ராஜாவின் ரதமும்

முன்னொரு காலத்தில், வண்டி நிற்பதற்கும் காசு கேட்கலாம் என்கிற ஞானம் உலகத்தில் இன்னும் உதிக்காதிருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சாப்பாடு ஆனதும் அவருக்கு ஏதாவது யோசனை வரும். நாட்டுக்கு அதுதான் கஷ்டம்.

ஒருநாள் மதியம் வெற்றிலை போட்டுக்கொண்டு உப்பரிகையில் வந்து நின்றார். கீழே கோட்டைவாசல் முற்றம். அரண்மனை மடைப்பள்ளியில் சமையலுக்கு வேண்டிய அரிசி, விறகு, எண்ணெய், வாழையிலை எல்லாம் அந்த முற்றத்தில்தான் வந்து இறங்கும். ராஜா குனிந்து பார்த்தபோது வரிசையாக மாடுகளின் வால் தெரிந்தது.

"என்ன இது? நாம் தரிசனம் கொடுக்க வந்தால், இவை நமக்கு வாலைக் காட்டுகின்றனவே! இந்த முற்றம் துடைத்து வைத்தாற்போல இருக்க வேண்டும்" என்றார்.

பக்கத்தில் மந்திரி விருத்தகிரி நின்றுகொண்டிருந்தார். "மகாராஜா, முற்றத்தை அடியேனுக்குக் குத்தகைக்கு விடுங்கள். அங்கே வண்டி நின்றால் தண்டம் என்று வைத்துவிடுகிறேன். கஜானாவுக்கும் ஒரு பங்கு வரும்."

மற்றப் பங்கு யாருக்கு வரும் என்று கேட்டிருக்கலாம். ராஜா கொட்டாவி விட்டார். சட்டம் பிறந்துவிட்டது.

விருத்தகிரி காரியக்காரர். எச்சரிக்கை இல்லாமல் தண்டம் போட்டால் அநியாயம் என்பார்களே என்று, சட்டத்தைக் கல்லில் பொறித்து நட்டார். நட்ட இடம் அரளிப் புதருக்குப் பின்னால், எழுத்து மதிலைப் பார்த்தபடி. அதைப் படிக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போக வேண்டும். அதே புதருக்குள் காத்தான் என்ற காவலன் உட்கார்ந்திருந்தான். ஒரு வண்டி நின்றதும் பாய்ந்து வந்து மாட்டுக் கொம்பில் ஓலை கட்டுவது அவன் வேலை. ஓலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி. ஓலையில் எழுதியிருப்பது இதுதான்: இன்றே கட்டினால் ஐந்து பணம், நாளைக்கு என்றால் பத்து. குறை உள்ளவர்கள் முறையீடு செய்யலாம். முறையீட்டைக் கேட்பவர் விருத்தகிரியின் மச்சினன். அவர் எல்லாருடைய முறையீட்டையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்து எல்லாருக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் புதுவெள்ளம் வந்ததும் ராஜா விரதமிருந்து ஆற்றுக்குப் போய்ப் பூஜை செய்வார். திரும்பி வந்து புதுப்பானையில் பொங்கிய சோறு சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிப்பார். அதற்காகப் பூஜைக்கு முதல்நாள் சடைச்சி என்ற குயத்தி, அரண்மனை கேட்டனுப்பிய பானைகளை வைக்கோல் மெத்தையில் அடுக்கி வண்டியில் கொண்டுவந்தாள். அவளுடைய மாடுகள் இரண்டு. மயிலை, செவலை.

பானையை மூட்டை மாதிரி தள்ளிவிட முடியாது. ஒன்றொன்றாக வைக்கோலை விலக்கி, தட்டிப் பார்த்து, குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்க வேண்டும். சடைச்சி பாதிப் பானைகளை மடைப்பள்ளிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்தபோது, மயிலையின் கொம்பில் ஓலை தொங்கிற்று. அது என்னவென்று விசாரிப்பதற்குள் பக்கத்தில் நின்ற செவலை அந்த ஓலையை எட்டித் தின்றுவிட்டது. ஓலையைத் தின்ற குற்றத்துக்கு இன்னொரு ஓலை.

கையில் காசில்லை. காசு வரவேண்டியதே இந்தப் பானைக்குத்தான். உடனே காத்தான் மாடுகளை அவிழ்த்துக் கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்தான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் தண்டம் கட்டாவிட்டால் மாடுகள் ஏலம் போகும் என்றான். மாடில்லாத வண்டி நகருமா? அது முற்றத்திலேயே கிடந்தது. கிடந்ததால் அதற்கும் தண்டம் ஏறிக்கொண்டே போயிற்று. மச்சினன் முறையீட்டைக் கேட்டார், தலையை ஆட்டினார், வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்.

சடைச்சி சக்கரத்தின் ஓரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது அந்த வழியாகப் பிச்சாண்டி வந்தான். பிச்சாண்டி அரண்மனை விகடன். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார், விருத்தகிரி வாயைத் திறந்தால் ராஜா கொட்டாவி விடுவார். அந்த ஒரு காரணத்துக்காகவே விருத்தகிரிக்குப் பிச்சாண்டியைக் கண்டால் வயிறு எரியும்.

"என்னக்கா ஆச்சு? மாடு எங்க?" என்றான் பிச்சாண்டி.

"புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க சாமி. அரமணைக்குன்னு அரமணை கேட்ட பானையத்தான் எறக்குனேன். நின்னது குத்தம்ங்கிறாங்க. நிக்காம எப்படி சாமி எறக்குறது? அந்தா கத்துது பாருங்க, அது என் செவலைதான். இந்நேரத்துக்குத் தண்ணி காட்டியிருப்பேன். அதுங்க போயிட்டா பானைக்கு மண்ணடிக்க வழியில்ல, சூளைய மூடிட்டுப் போவவேண்டியதுதான்."

பட்டியிலிருந்து செவலை மறுபடியும் கத்தியது. பிச்சாண்டிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவன் சத்தம் போடமாட்டான். நேரே சபைக்குப் போய்விடுவான்.

"மகாராஜா," என்றான் சபையில், "அந்தப் பெண் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அரண்மனைப் பானையை அரண்மனை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தாள். அதற்குமா தண்டம்?"

விருத்தகிரி எழுந்தார். "சக்கரம் உருண்டால் வண்டி போகிறது. உருளாவிட்டால் நிற்கிறது. நின்றால் தண்டம். எதற்காக நின்றது, எத்தனை நேரம் நின்றது என்றெல்லாம் பார்க்கத் தொடங்கினால் சட்டம் என்ன ஆவது?"

"அப்படியானால் பானையை எப்படித்தான் இறக்குவது, மந்திரியாரே?"

"வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே இறக்கலாமே! சாமர்த்தியம் இருந்தால் முடியும். சாமர்த்தியத்தைக் காட்டித்தானே பிச்சாண்டி இந்தச் சபையில் சம்பளம் வாங்குகிறான்? மகாராஜா, நாளைக்கு அதே முற்றத்தில், ஓடும் வண்டியிலிருந்து ஒரு பாரத்தைச் சேதமில்லாமல் இவனே இறக்கிக் காட்டட்டும். முடியாவிட்டால் குயத்தியின் தண்டத்தை இவன் கட்டிவிட்டு, விகடன் வேலையையும் விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு அன்றைய சாப்பாடு அப்போதுதான் ஆகியிருந்தது. "பலே! பிச்சாண்டி, என்ன சொல்கிறாய்?"

"சம்மதம் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். இந்தச் சட்டம் மாட்டு வண்டிக்கு மட்டுமா, எல்லா வண்டிக்குமா?"

"எல்லா வண்டிக்கும்தான்! மகாராஜாவின் ஆட்சியில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் உண்டா?" என்றார் விருத்தகிரி, ராஜாவைப் பார்த்துக்கொண்டே. சபை வாசலில் நின்ற காத்தான்கூட அதைக் கேட்டுத் தலையாட்டினான்.

ராஜாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. மீசையை நீவியபடி, "நம்முடைய ரதமானாலும் சரிதான்!" என்று உரக்கச் சொன்னார்.

"போதும் மகாராஜா. நாளைக்கு ஆற்றுக்குப் போகும் ரதத்தை அடியேன் ஓட்ட உத்தரவு வேண்டும். திரும்பி வரும்போது பந்தயத்தையும் முடித்துவிடலாம். பாரத்தை நானே கொண்டுவருகிறேன்."

மறுநாள் ராஜா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஆற்றுக்குப் போனார். பூஜை நீண்டது. திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, ராஜாவின் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. முற்றத்தில் சபையே கூடியிருந்தது. நடுவில் சடைச்சியின் வண்டி, மாடில்லாமல், பாதிப் பானைகளோடு. சடைச்சி அதன் அருகிலேயே நின்றாள். அவள் கண் பட்டியின் பக்கமே இருந்தது.

அந்த அரண்மனையில் ராஜா ரதத்திலிருந்து இறங்குவது லேசான காரியமல்ல. முதலில் சங்கு ஊத வேண்டும். அப்புறம் சுமங்கலிகள் ஆரத்தித் தட்டேந்தி மூன்று முறை ஆலம் சுற்ற வேண்டும். அப்புறம் வெள்ளி முக்காலி வைத்து, அதன்மேல் பட்டு விரித்த பிறகுதான் வலதுகாலை எடுத்து வைப்பார்.

சங்கு ஊதியது. சுமங்கலிகள் ஆலத் தட்டோடு முன்னால் வந்தார்கள். ரதம் அவர்களைக் கடந்து போய்விட்டது.

சுமங்கலிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரதம் பானை வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது, மறுபடி கடந்தது. மூன்றாம் சுற்றில் அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினார்கள். ஆலத் தண்ணீர் பாதி குதிரையின் மேலும் பாதி விருத்தகிரியின் அங்கவஸ்திரத்தின் மேலும் கொட்டியது. முக்காலிக்காரன் முக்காலியைப் போட்டான், எடுத்தான், ஓடினான், மறுபடி போட்டான்.

"அடே பிச்சாண்டி! எங்கேடா போகிறாய்?" என்றார் ராஜா.

"எங்கும் போகவில்லை மகாராஜா. வந்து சேர்ந்துவிட்டோம். தாங்கள் இறங்கலாம்."

"ஓடுகிற ரதத்திலிருந்து எப்படியடா இறங்குவது?"

"சாமர்த்தியம் இருந்தால் முடியும் என்று மந்திரியார் நேற்றே சொல்லிவிட்டார். நான் கொண்டுவருவதாகச் சொன்ன பாரம் தாங்கள்தான். கொஞ்சம் விளிம்புக்கு வாருங்கள், மெதுவாகத் தள்ளிவிடுகிறேன்."

ராஜா இரண்டு கையாலும் ரதத்தின் தூணைக் கட்டிக்கொண்டார். "நிறுத்தடா! பசி உயிர் போகிறது!"

"நிறுத்தச் சொன்னால் இதோ நிறுத்துகிறேன். ஆனால் 'நம்முடைய ரதமானாலும் சரிதான்' என்று சபையறியச் சொன்ன வாக்கு என்னாவது? மகாராஜாவே சட்டத்தை மீறினார் என்று நாளைக்கு ஊர் பேசாதா?"

வாக்கு என்றதும் ராஜா திகைத்துப் போனார். ரதம் இன்னொரு சுற்று போயிற்று. மடைப்பள்ளியிலிருந்து சோறு வெந்த வாசனை வந்தது. ராஜாவுக்கு அழுகையே வரும்போலிருந்தது.

"விருத்தகிரி!" என்று அலறினார். "உம்முடைய சட்டம்தானே? நீர் சொல்லும், ரதம் நிற்கலாமா, கூடாதா?"

விருத்தகிரி தொந்தியைப் பிடித்துக்கொண்டு ரதத்தோடு ஓடிவந்தார். "நிற்கலாம் மகாராஜா! தாராளமாக நிற்கலாம்!"

பிச்சாண்டி கடிவாளத்தை இழுக்கவில்லை. "சக்கரம் உருளாவிட்டால் தண்டம் என்றீர்களே மந்திரியாரே?"

"ஐயோ, மகாராஜா இறங்குவதற்காகத்தானே நிற்கிறது! இறக்குவதற்காக நிற்பது நிறுத்தி வைத்ததாக ஆகுமா? ஆகவே ஆகாது!" என்று மூச்சிரைக்கக் கத்தினார் விருத்தகிரி. முற்றம் முழுக்கக் கேட்டது. சடைச்சிக்கும் கேட்டது.

பிச்சாண்டி கடிவாளத்தை இழுத்தான். ரதம் பானை வண்டியின் பக்கத்தில் அலுங்காமல் நின்றது.

விருத்தகிரிக்கு மூச்சு வந்ததும் புத்தியும் வந்தது. "மகாராஜா! பிச்சாண்டி தோற்றுவிட்டான். ரதம் நின்ற பிறகுதான் பாரம் இறங்கப் போகிறது!"

"வாஸ்தவம்தான், தோற்றேன்," என்றான் பிச்சாண்டி. "மகாராஜாவை உருட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. உருட்டியே ஆக வேண்டும் என்று மந்திரியார் விரும்பினால் சொல்லட்டும், இன்னொரு சுற்று போகிறேன்."

விருத்தகிரி ஒன்றும் விரும்பவில்லை. பந்தயப் பேச்சையே விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில் அரளிப் புதர் அசைந்தது. காத்தான் பாய்ந்து வந்தான். நேற்றுச் சபை வாசலில் சட்டத்தைத் தெளிவாகக் கேட்டவன் அல்லவா? குதிரைக்குக் கொம்பில்லையே என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு கடிவாளத்தில் ஓலையைக் கட்டிவிட்டு, கடமையைச் செய்த திருப்தியோடு கைகட்டி நின்றான்.

ராஜா ஓலையை அவிழ்த்துப் படித்தார். "இன்றே கட்டினால் ஐந்து பணம். நாளைக்கு என்றால் பத்து." ராஜாவின் வயிறு ஒருமுறை குலுங்கியது, மறுமுறை குலுங்கியது. பிறகு ரதமே ஆடும்படி சிரித்தார்.

"முறையீடு உண்டென்று போட்டிருக்கிறதே! கூப்பிடுங்கள் அந்த மச்சினனை!"

மச்சினன் ஓடிவந்து விழுந்து கும்பிட்டார். "முறையீடு ஏற்கப்பட்டது மகாராஜா!"

"நாம் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லையே? சரி, என்ன காரணத்துக்காக ஏற்றீர்?"

"வண்டி... வண்டி இறக்குவதற்காக நின்றது. ஆகையால் தண்டம் இல்லை."

"அந்த வரியை அப்படியே அந்தப் பெண்ணின் ஓலையிலும் எழுதும்" என்றார் ராஜா. சிரிப்பு அடங்கிப் பானை வண்டியைப் பார்த்தார். அதைப் பார்த்தபடிதான் அத்தனை சுற்றும் வந்திருந்தார். "நமக்கு ஒரு வேளைப் பசி, கண் இருண்டுவிட்டது. அந்த மாடுகள் நேற்றிலிருந்து பட்டியில் கிடக்கின்றன. முதலில் அவற்றை அவிழ்த்துவிடுங்கள். குத்தகையும் இன்றோடு சரி."

மயிலையும் செவலையும் வந்தன. சடைச்சி இரண்டின் கழுத்தையும் மாறி மாறிக் கட்டிக்கொண்டாள். மச்சினன் எழுதிக் கொடுத்த ஓலையைச் செவலை முகர்ந்து பார்த்தது. அவள் சட்டென்று அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராஜா சாப்பிட உட்கார்ந்தார். சோறு வந்தது, குழம்பு வந்தது, பாயசத்தைக் காணோம். பாயசப் பானை இன்னும் வண்டியிலேயே இருக்கிறது என்று சமையற்காரர் பயந்துகொண்டே சொன்னார். மீதிப் பானைகளை விருத்தகிரியே இறக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு மந்திரி பானை இறக்கினார். அவசரப்பட்டபோதெல்லாம் சடைச்சி, "பையப் பைய எறக்குங்க சாமி. வண்டி நிக்கத்தானே செய்யுது" என்றாள்.

பாயசம் உள்ளே போனதும் ராஜாவுக்கு வழக்கம்போல யோசனை வந்தது. பிச்சாண்டியைக் கூப்பிட்டார்.

"பிச்சாண்டி, உன் புத்திக்குப் பரிசாக வெள்ளிப் பூண் போட்ட வில்வண்டி ஒன்றும், இரண்டு உயர்ந்த காளைகளும் தருகிறோம்."

பிச்சாண்டி கைகூப்பினான். "காளைகளைச் சடைச்சியின் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் மகாராஜா, நேற்றைய தண்டத்துக்கு ஈடாக. வண்டி மட்டும் எனக்கு வேண்டவே வேண்டாம்."

"ஏன், வில்வண்டி கசக்கிறதா?"

"கசக்கவில்லை. மகாராஜா தினமும் சாப்பிடுகிறீர்கள், சாப்பிட்டதும் யோசனை வருகிறது. இந்த ஊரில் அதை நம்பி நான் வண்டியை எங்கே நிறுத்துவேன்?"

ராஜா புரையேறும்வரை சிரித்தார். காளைகள் சடைச்சியின் வீட்டுக்குப் போயின, வண்டியின் விலை பொன்னாகப் பிச்சாண்டியின் வீட்டுக்குப் போயிற்று. அவன் கடைசிவரைக்கும் நடந்தேதான் அரண்மனைக்கு வந்துகொண்டிருந்தான்.