கண் எழுதும் கறுப்பு

மலையடிவாரத்தில் ஒரு பட்டறை. அம்மன் கோயிலுக்குச் சித்திரச் சீலை எழுதித் தருகிற பட்டறை. அங்கே குரு அலர்மேல், வயது நாற்பத்தைந்து. சீடர் நல்லசிவம், வயது எழுபது! உப்பு வண்டி ஓட்டிப் பிழைத்த மனுஷர். மனைவி போன பிறகு, ஐம்பத்தெட்டு வயதில் வண்டியை விற்றுவிட்டு, சாயம் காய்ச்சக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை?

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பலாக்கட்டைத் தூளைக் கொதிக்கவைத்து மஞ்சள் எடுத்தார். நுணா வேரைச் சீவிச் சிவப்பு எடுத்தார். புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கிக் கோடு போட்டார். அம்மனின் கை, கால், வளையல், தோளில் கிளி என்று எல்லாம் எழுதினார். கண்ணை மட்டும் தொட்டதில்லை. கண் திறப்பது குரு. இல்லையென்றால் குரு யாரைச் சொல்கிறாரோ அவர். அந்தப் பட்டறையின் வழக்கம் அப்படி.

சாகிறதுக்குள் ஒரு தடவை அந்தக் கண்ணை எழுதிவிட வேண்டும். நல்லசிவத்துக்கு வேறு ஆசையே கிடையாது.

கண்ணுக்குக் கறுப்பு வேண்டும். அந்தக் கறுப்பு சட்டியில் இருக்காது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயப்போடுவார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, அதைத் தொட்டு எழுதுவார்கள். எழுதும்போது கழுநீர் மாதிரி வெளிறிக் கிடக்கும். காற்றுப்பட்டு, நாள்பட்டுத்தான் கறுக்கும்.

போன தை மாதம் நல்லசிவம் பழகுவதற்கென்று ஒரு துண்டுச் சீலையில் கண் எழுதினார். வெளிறல் அவருக்குப் பொறுக்கவில்லை. துருவை இரண்டு பங்காகப் போட்டார். கோட்டின் மேலேயே கோடு இழுத்தார். மறுநாள் பார்த்தால் அண்டங்காக்கைக் கறுப்பு! வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எப்படிம்மா இருக்கு?"

அலர்மேல் வெகுநேரம் பார்த்தார். "சுவத்துல மாட்டுங்க ஐயா. அடுத்த தையில பேசுவோம்."

"ஒரு வருஷமா? எழுபது வயசுக்காரன்கிட்டயா?"

"பதறாத காரியம் சிதறாதும்பாங்க."

"அதெல்லாம் இருபது வயசுக்காரனுக்குச் சொன்னதும்மா."

அலர்மேல் சிரித்துவிட்டார். ஆனால் இறங்கி வரவில்லை.

இந்தத் தையில் நல்லசிவம் சீலையைக் கழற்றி உதறினார். கண் இருந்த இடம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. துரு நூலைத் தின்றிருந்தது. அம்மன் முகத்தில் இரண்டு ஓட்டை. மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"அன்னைக்கே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

நல்லசிவம் யோசித்தார். "மாட்டேன்."

பங்குனித் திருவிழாச் சீலை முடிந்தது. கண் மட்டும் பாக்கி. மறுநாள் காலையில் கோயிலிலிருந்து ஆள் வந்துவிடும். அலர்மேல் எழுதுகிற மூங்கில் கோலை எடுத்து நல்லசிவத்தின் கையில் கொடுத்தார்.

"திறங்க ஐயா."

அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அளவாக ஊறவைத்த தண்ணீர். அவரே பக்குவம் பார்த்தது. இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண், இன்னொரு கண் என்று எழுதி முடித்தார்.

கழுநீர் நிறம். எட்ட நின்று பார்த்தால் அம்மனுக்குக் கண் இருப்பதே தெரியவில்லை.

"முழுசாக் கறுக்க எவ்வளவு நாளாகும்மா?"

"ஆடி ஆயிடும்."

நல்லசிவத்துக்கு இளைப்பு வந்தது. மார்கழியிலிருந்தே மூச்சு சரியில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, கஞ்சியைச் சூடாகக் குடியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

"ஆடி வரைக்கும் நான் தாங்க மாட்டேம்மா." அவர் கை தானாகச் சட்டிக்குப் போனது. "இன்னும் ஒரே ஒரு கோடு. நாளைக்கே கறுத்துடும். ஒரு தடவை கண்ணாரப் பாத்துட்டுப் போயிடுறேன்."

அலர்மேல் கையைத் தடுக்கவில்லை. சட்டியையும் நகர்த்தவில்லை.

"கண்ணு எழுதினது நீங்க பாக்கவா ஐயா, அவ பாக்கவா?"