பனங்கொட்டைவிளைக்கு வந்த ரயில்

பனங்கொட்டைவிளையில் பூவுலிங்கத்தின் மைக் செட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் உண்டு; அவர்களையும் அது விட்டதில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் பாட்டுக்கு முன்னாலேயே ‘கொர்ர்’ என்று ஓர் இரைச்சல் வரும். பாட்டு முடிந்த பிறகும் அது போகாது. போன வருஷம் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர் பாதியில் எழுந்து, “நான் பாடட்டுமா, அது பாடட்டுமா?” என்று கேட்டேவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர் ஐகோர்ட்துரை அண்ணாச்சி அன்றைக்கே சொல்லிவிட்டார், அடுத்த கொடைக்கு வெளியூர் செட்டுதான் என்று.

சொந்த ஊர்க் கொடையில் அடுத்தவன் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படிச் சோறு தின்பான்?

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து நிருபமா என்றொரு பெண் வந்தாள். மெஷின் ஓசை, ரேடியோ கரகரப்பு, தகரம் அதிர்வது, இதையெல்லாம் வைத்து இசை செய்து பார்க்கிற ஆட்கள் அங்கங்கே இருக்கிறார்களாம். அவர்களுடைய சோதனைகளை எல்லாம் ஒரே ஆல்பமாகத் தொகுக்கிறாளாம். பூவுலிங்கம் செட்டின் கொர்ரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துபோனது.

“இதை அப்படியே பதிவு பண்ணணும். நீங்க எதுவுமே செய்யாதீங்க. பக்கத்துல பேசாம உக்காந்திருந்தா போதும்” என்று சொல்லி, ரெக்கார்டரை ஓடவிட்டு டீ குடிக்கப் போனாள்.

பூவுலிங்கமும் அவன் மச்சினன் மாசானமும் ஒயர் இழுக்கிற தங்கப்பழமும் உட்கார்ந்தார்கள். ஓர் ஆடு வந்தது. ஸ்பீக்கர் ஒயரை முகர்ந்து பார்த்துவிட்டு மென்று தின்ன ஆரம்பித்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாதி ஒயர் உள்ளே போனபோது மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அசையவில்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

திரும்பி வந்து கேட்டுப் பார்த்த நிருபமா, “அபாரம். கடைசியில வருதே, அந்தச் சத்தம் எப்படிப் பண்ணீங்க?” என்றாள்.

“நாங்க ஒண்ணுமே பண்ணலம்மா” என்றான் பூவுலிங்கம். அது உண்மைதான்.

சில மாதம் கழித்து ஆல்பம் பென்டிரைவில் வந்து சேர்ந்தது. “முழுசாக் கேளுங்க. நடுவுல நிறுத்திடாதீங்க” என்று போனில் சொன்னாள். பூவுலிங்கம் கோயில் மைதானத்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, கமிட்டியை அழைத்து உட்காரவைத்தான். சென்னையே மதித்த செட்டை அண்ணாச்சி வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்?

முதல் உருப்படி ‘ஞொய்ங்’ என்றது. செட்டுதான் மக்கர் பண்ணுகிறது என்று தங்கப்பழம் ஓடிப்போய் ஃபியூஸை மாற்றினான். அடுத்த உருப்படி ‘படபட’ என்றது. மாசானம் ஆம்ப்ளிஃபயரை நாலு தட்டுத் தட்டினான். ஒன்று முடிந்து அமைதியானதும், “சரியாயிட்டு” என்று உட்காருவார்கள், அடுத்தது கீச்சிடும். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

அப்போது அவர்களுடைய உருப்படி வந்தது. கொர்ர். அதன்மேல் கறுக் மொறுக்.

“அத்தான், ஆடு” என்றான் மாசானம். “வெரட்டலாமா?”

பூவுலிங்கம் யோசித்தான். “அன்னைக்குத்தாம்ல அந்தம்மா ஒண்ணும் செய்யக் கூடாதுன்னாவ. இன்னைக்கு அப்பிடிச் சொல்லலியே.”

கம்பெடுத்துக்கொண்டு மைதானம் முழுக்கத் தேடினார்கள். ஆட்டைக் காணோம். சத்தம் மட்டும் மேலேயிருந்து வருகிறது. தங்கப்பழம் மரத்தில் ஏறிக் குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினான்.

“உள்ள ரொம்ப ஆழத்துல நிக்கி போலுக்கு.”

வேப்பங்குழையைக் காட்டி ‘ம்பே, ம்பே’ என்று கூப்பிட்டுப் பார்த்தான். உருப்படி முடிந்து சத்தம் நின்றது. “தின்னு முடிச்சிட்டு” என்று இறங்கிவிட்டான்.

அடுத்தது ரயில். யாரோ தண்டவாளத்து ஓரம் மைக்கை வைத்துப் பிடித்த சத்தம். தூரத்தில் கேட்டது நெருங்கி, தடதடவென்று மைதானமே அதிர்ந்தது. கமிட்டி மொத்தமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.

ரயில் போனபின் அண்ணாச்சி வேர்வையைத் துடைத்தார். “நம்ம ஊருக்கு ரயில் விடுங்கன்னு நானும் எத்தனையோ மந்திரியப் பாத்தாச்சு. நீ கொண்டாந்துட்டியேடே.”

“அப்போ கொடைக்கு நம்ம செட்டுதான அண்ணாச்சி?”

“வந்து என்ன செய்ய? நிக்காமல்லா போவுது. நிப்பாட்டிக் காட்டு. கொடை உனக்குத்தான்.”

மூவரும் கூடிப் பேசினார்கள். “ஸ்டேஷன் இல்லாத ஊருல எவன் நிப்பாட்டுவான்?” என்றான் மாசானம். நியாயமாகப் பட்டது.

“எந்தப் பக்கமாப் போவுது ரயிலு?” என்று தங்கப்பழம் கேட்டான்.

“குழாய் எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கம்” என்றான் பூவுலிங்கம்.

அந்தப் பக்கமாக மண்ணைக் குவித்துப் பிளாட்பாரம் போட்டார்கள். மறுநாள் காலை ஊரே பெட்டியும் பையும் கட்டுச்சோறுமாக அதன்மேல் ஏறி நின்றது. அண்ணாச்சி புதுச்சட்டை போட்டிருந்தார்.

பூவுலிங்கம் ஆல்பத்தை மறுபடி ஓடவிட்டான். ரயில் வந்தது. மாசானம் குழாய்க்கு நேராகச் சிவப்புத் துண்டை ஆட்டினான். நிற்கிற வழியாயில்லை. பூவுலிங்கத்தின் விரல் சுவிட்சுப் பக்கம் போயிற்று. ‘நடுவுல நிறுத்திடாதீங்க’ என்று அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டான். கொடையும் போச்சு, மானமும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நொடியில் கரண்ட் போனது. ரயில் நின்றது.

அண்ணாச்சி ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தார். “கொடை உனக்குத்தாண்டே” என்றவர், சட்டென்று ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

“என்ன வேடிக்க பாக்கீய? சீக்கிரம் ஏறுங்க. கரண்டு வந்தா கெளம்பிரும்.”