எட்டாவது ஸ்க்ரூ

தூத்துக்குடி துறைமுக ரோட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ரெஜினாவை ஊரே அக்கா என்று கூப்பிடும். மேஸ்திரி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் சவரிமுத்து. அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். உப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்து நான்கு வயதில் தொழில் கற்க வந்து நின்றார்.

"வீட்ல சும்மா இருந்தா எல்லார் மேலயும் எரிஞ்சு விழுதேன் மேஸ்திரி. அதான் வந்தேன்" என்றார்.

அவளும் மறுபேச்சு இல்லாமல் ஒரு கந்தல் துணியைக் கையில் கொடுத்துச் சேர்த்துக்கொண்டாள். அது ஆயிற்று ஒரு வருஷம்.

அன்று சனிக்கிழமை. சவரிமுத்துவின் முன்னால் நின்றது அவருடைய மகன் வியான்னியின் வண்டி. அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று வண்டிச் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார் மனுஷன். பையன் சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று வாரமாக அப்பாவின் போனை எடுக்கவில்லை. நேற்றுத்தான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், நாலு மணிக்குப் பட்டறைக்கு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்று.

அவனைத் தடுக்க முடியாது என்பது சவரிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. வண்டியையாவது நல்லபடியாகக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வண்டியில் கிளட்ச் வழுக்கியது. பிளேட் மாற்றாமல் ஓசூர் போய்ச் சேராது. ஆயிலை வடித்துவிட்டு, கிளட்ச் மூடியில் இருந்த எட்டு ஸ்க்ரூவில் ஏழெண்ணத்தைக் கழற்றினார். எட்டாவது அசையவில்லை. விடுவாரா? திருப்புளியை வைத்து மல்லுக்கட்டியதில், அது நழுவி நழுவி ஸ்க்ரூவின் தலையே தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது.

"மேஸ்திரி, வரமாட்டேங்கு."

ரெஜினா வந்து குனிந்து பார்த்தாள். தேய்ந்த தலையை விரலால் தடவினாள்.

"கடைசியா இத முறுக்குனது யாரு?"

சவரிமுத்து துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

"நான்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு நீங்க லீவு விட்டீங்கள்லா, அன்னைக்கு."

"நல்ல பலந்தான் உங்களுக்கு."

"டிரில் போட்டு எடுத்துருவமா?"

"எடுக்கலாம். ஓட்டைக்குள்ள இருக்க மரையும் போயிரும். பொறவு மூடி எதப் புடிச்சு நிக்கும்?"

ஸ்க்ரூவின் ஓரத்தில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாள். டீ குடிக்க உட்கார்ந்துவிட்டாள். சவரிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை. அவளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நைசாகத் திருப்புளிப் பக்கம் கை போனது.

"அண்ணாச்சி" என்றாள் ரெஜினா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கை திரும்பி வந்தது.

டீயை நிதானமாகக் குடித்து முடித்து எழுந்தாள். சின்ன உளியை வைத்து, தேய்ந்த தலையின் குறுக்கே ஒரு கோடு வெட்டினாள். சுத்தியலால் இரண்டு தட்டு. பட்டைத் திருப்புளியைக் கோட்டில் பதித்து, வலது பக்கம் திருப்பினாள்.

சவரிமுத்து பதறிப்போனார்.

"மேஸ்திரி! அது இறுக்குத பக்கம்!"

"ஆமா."

"ஏற்கெனவே இறுகித்தான கெடக்கு?"

அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். உள்ளே பிடிப்பு விட்டு 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இடது பக்கம் திருப்பினாள். ஸ்க்ரூ மெதுவாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

சவரிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிளேட்டுகளை மாற்றினார்கள். ஆயில் கசியாமலிருக்கப் புது பேக்கிங் வைத்து மூடியைப் பொருத்தினார்கள். ஏழு ஸ்க்ரூவை ரெஜினா முடுக்கினாள். எட்டாவதுக்குப் புது ஸ்க்ரூ ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஆயில் எடுக்கப் போனாள்.

மணி நாலாகப் பத்து நிமிஷம். வேலை முடிந்த சந்தோஷத்தில் அவருக்கு வாய் ஓயவில்லை.

"மொதல்ல அவங்கிட்ட ஒரு சத்தியம் வாங்கணும் மேஸ்திரி. தெனமும் போன் பண்ணணும்."

ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம பூசைக்கு இங்க வந்துரணும்."

கொஞ்சம் முறுக்கினார்.

"கண்ட கண்ட பயலுவ கூட ரூம் எடுக்கக் கூடாது. நாஞ் சொல்லுத எடத்துலதான் தங்கணும்."

இன்னும் கொஞ்சம். புறங்கையில் நரம்பு புடைத்தது.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. வியான்னி இறங்கினான். தோளில் அதே பை. உள்ளே வராமல், வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். பிள்ளை மெலிந்து போயிருந்தான். சவரிமுத்துவின் கை பாட்டுக்கு ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே இருந்தது.

ரெஜினா ஆயில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்து, திருப்புளியின் மேல் கையை வைத்தாள்.

"போதும் அண்ணாச்சி."

"இன்னும் ஒரே ஒரு கால் சுத்து மேஸ்திரி" என்றார், மகனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கசிஞ்சிட்டா என்ன செய்ய?"

"கசிஞ்சா தொடச்சுக்கிடலாம்" என்றாள் ரெஜினா. "திரும்ப ஒரு நாள் தெறக்கணும்லா."