கோடு இல்லாத தரை

“பதினெட்டு நாளா குதிகாலைத் தரையில அமுக்குதேன் டீச்சர். தரையும் நகரல, காலும் நகரல. இது என்ன வைத்தியம்?”

கேட்டவன் கொம்பையா. வயது முப்பத்து மூன்று. கபடியில் மூச்சடக்கிப் பாடிப் போய், எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்புவதில் அந்தப் பக்கத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. போன மாதம் ஒருத்தன் கணுக்காலைப் பிடித்தான். இவன் காலை வெட்டி இழுத்ததில் பின்தொடைச் சதை கிழிந்தது. இது இரண்டாவது தடவை. இன்னொரு தடவை கிழிந்தால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டெய்சி டீச்சருக்கு இருபத்தைந்துதான் ஆகிறது. மகளிர் அணியில் மூலையில் நின்று கணுக்கால் பிடித்தவள். இப்போது அடிபட்ட கால்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துத் தேற்றி அனுப்புகிறாள்.

“நகரணும்னு யாரு சொன்னா?” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை கோயில் கொடைத் திருவிழா ஆட்டம். நாலு மணிக்கு டீம் மேனேஜர் போன் பண்ணுவாரு. பேர் கொடுக்கவா, வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க.”

பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற ஆள்தான். தன் கால் என்றதும் பதறினான்.

மணி மூன்றரை.

“காலை நீட்டி உட்காருங்க அண்ணாச்சி. பெருவிரலைத் தொடுங்க.”

உட்கார்ந்தான். குனிந்தான். தொட்டான். விருட்டென்று நிமிர்ந்துவிட்டான்.

“ஏன் வந்துட்டீங்க?”

“அதான் தொட்டாச்சுல்லா.”

“யாரு விரட்டுனா?”

கொம்பையா பின்னால் திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

“இன்னொரு தடவ.”

தொட்டான், வந்துவிட்டான். பத்துத் தடவையும் அப்படியே. இருபது வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்தாள்.

கொம்பையா காலை உருவப் பார்த்தான். அதே பிடி.

“இழுங்க. வெட்டாதீங்க, மெதுவா. பாடுங்க.”

பாடினான். கபடி, கபடி, கபடி. குதிகாலை இழுக்க இழுக்க அவள் கை இம்மியும் விடவில்லை. பின்தொடை கல்லாக இறுகியது, நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. வலிக்கவில்லை.

மூச்சு தீர்ந்தது.

“விடுங்க டீச்சர். பாட்டு நின்னுட்டு. நான் அவுட்டு.”

“கோடு எங்க இருக்கு?”

தலையைத் தூக்கிப் பார்த்தான். வெறும் சிமெண்டுத் தரை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

“மூச்ச விட்டுக்கிட்டே இழுங்க,” என்றாள்.

இழுத்தான். எவ்வளவு நேரம் என்று இரண்டு பேரும் எண்ணவில்லை. கடைசியில் அவள்தான் கையை எடுத்தாள்.

கொம்பையா எழுந்து உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே காலை நீட்டினான், குனிந்தான், பெருவிரலைத் தொட்டான்.

ஜன்னலில் இருந்த போன் அடித்தது. மணி நான்கு.

கொடை ஆட்டம் அவன் சொந்த ஊர் ஆட்டம். போனைப் பார்த்தான்; கை பெருவிரலிலேயே இருந்தது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

“எடுக்கலியா அண்ணாச்சி?”

விரலை விடாமல் சொன்னான்.

“நான் இன்னும் திரும்பி வரல டீச்சர்.”