மிளகாய்த்தூள் சிவப்பு

மருமகள் வைத்த ரசத்தை வாயில் வைக்காமலே குறை சொல்லும் மாமியாரைப் பார்த்திருக்கிறீர்களா? மில் முதலாளி ரங்கபாஷ்யம் அந்த ரகம். தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கோவைப் பட்டறையில் விட்டு, "ஃபேக்டரியில அடிச்ச அதே சிவப்பு வேணும்" என்றார். பெயிண்ட் கலக்கும் செங்கமலம் தகட்டில் அடித்துக் காட்டிய சிவப்பையெல்லாம், "இது செங்கல், இது மிளகாய்த்தூள்" என்று தள்ளினார்.

ஒருநாள் நண்பர்கள் புடைசூழ வந்தார். "இன்னிக்கும் நிறம் சேரலைன்னா உனக்கு இங்க வேலை இல்லை. உங்க ஓனர்கிட்டப் பேசிட்டேன்."

செங்கமலம் உள்ளே போய் ஒரு சிவப்புத் தகட்டைத் துடைத்து எடுத்து வந்தாள். "இதுங்கய்யா?"

"சீ, பீட்ரூட் பொரியல்! ஃபேக்டரி சிவப்பு எனக்குத் தெரியாதா? தூக்கிப் போடு!"

"ஐயோ, போட்டா எப்படிங்க? உங்க கார் சீட்டுக்கு அடியில இருந்து கழட்டினதுங்க. வெயிலே படாத ஃபேக்டரி பெயிண்ட்டு."

சொல்லிக்கொண்டே, அவர் முன்பு மிளகாய்த்தூள் என்று தள்ளிய தகட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே சிவப்பு. நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் முகம் மட்டும் வேறொரு சிவப்பாக இருந்தது.

"ஏம்மா செங்கமலம்," என்றார் மெல்ல, "அந்த மிளகாய்த்தூளையே அடிச்சுடும்மா."